கோத்தன்பேர்க்கில் எடுத்த காரும் ஐந்தாவது தேசிக்காயும்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து ஆட்கள் கார் வாங்குவதென்றால் முதலில் கெனடி வீதியில் பார்ப்பார்கள். விலை படியாவிட்டால் விட்பிக்குப் போவார்கள். அதிலும் மனம் ஆறாதவர்கள் பிறம்ரன் வரைக்கும் போய்ப் பேரம் பேசுவார்கள். நாங்கள் பிறம்ரனில் பேரம் பேசிவிட்டுக் காரை எடுக்க சுவீடனுக்குப் போனோம்.

இது கொரோனாவுக்கு முந்திய வருடம் நடந்தது. ஐரோப்பியக் கார்க் கம்பனிகள் சில அப்போது இப்படியொரு ஏற்பாடு வைத்திருந்தன. பிறகு அநேகமானவை நிறுத்திவிட்டன என்று கேள்வி. காருக்கு இங்கே ஓடர் கொடுக்க வேண்டும். அது செய்து முடிந்ததும் நீங்களே தொழிற்சாலைக்குப் போய்த் திறப்பை வாங்கலாம். தற்காலிக இலக்கத் தகட்டோடு சில நாள் அங்கே ஓடித் திரிந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், கப்பலில் ஹலிபக்ஸ் துறைமுகத்துக்கும், அங்கிருந்து ரயிலில் பிறம்ரனுக்கும் அனுப்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் எங்களுக்கு விளங்கப்படுத்தியவள் துவாரகா. பிறம்ரன் கடையின் விற்பனையாளர், கனடாவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“அங்கிள், இற்ஸ் வெரி சிம்பிள். ரெண்டு பிளேன் ரிக்கெற், ஒரு நைற் ஹொட்டேல், எல்லாம் காரிண்ட பிரைசுக்குள்ள வருது. பட் திருப்பிக் குடுக்கேக்க உள்ளுக்கு ஒண்டும் இருக்கக் கூடாது. நோ ஃபூட், நோ பிளான்ற்ஸ், நோ மண். தே ஆர் வெரி ஸ்ரிக்ற்.”

“மண்ணை ஆர் பிள்ளை கனடாவுக்குக் கொண்டு வருவினம்?” என்று கேட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னர் எனக்கு நன்றாகக் கிடைத்தது.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் இருபத்தேழு வருடம் ஸ்காபரோவில் ஒரு பட்டறையில் காரின் கதவைச் சுற்றி வரும் கறுப்பு றப்பர் செய்தவர். ஓய்வுபெற்று அப்போது எட்டு மாதம். கனடாவுக்கு வந்த நாள் முதல் நாங்கள் ஐந்து கார் வைத்திருந்தோம், ஐந்தும் வேறு ஆரோ ஓடிக் களைத்தவை. அவருடைய ஆசை ஒன்றுதான். ஒரு புதுக்காரை அது பிறந்த வாசலில் எடுத்து, கடல் போக மிச்சத்தையெல்லாம் தானே ஓடி, எங்கள் கட்டடத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இதற்குள் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வருடமாக அவர் கண்ணுக்குத் துளி மருந்து விடுகிறார், கண்ணின் அழுத்தத்துக்கு. பக்கப் பார்வைச் சோதனை ஒன்று செய்ய வேண்டுமென்று டொக்டர் இரண்டு தரம் திகதி கொடுத்தும் இவர் இரண்டு தரமும் தள்ளிப்போட்டார். “பயணம் முடியட்டும்” என்றார். அந்தச் சோதனையில் தவறினால் லைசன்ஸ் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பியர்சன் விமான நிலையத்தில் நின்றோம். பெட்டிகளை நிறை பார்த்த பெண் எதற்காகப் பயணம் என்று சும்மா கேட்டாள். “கார் வாங்கப் போறம்” என்று இவர் ஆங்கிலத்தில் சொன்ன விதத்தில் பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறே கால் மணிக்கு விமானம் எழும்பி மேற்கே ஒரு வட்டம் அடித்தது. கீழே பிறம்ரனின் பண்டசாலைக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. கார் விற்ற கடைக்கு மேலாலேயே பறந்து கார் எடுக்கப் போகிற எங்களை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

செவ்வாய் மத்தியானம், பிராங்க்பேர்ட்டில் மாறிக் கோத்தன்பேர்க் வந்து சேர்ந்தோம். விமான நிலையத்திலிருந்து நகரம் இருபத்தைந்து கிலோமீற்றர். வழியெல்லாம் பாறையும் பைன் மரமும், ஒன்ராறியோவின் வடக்கைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. விடுதிக்குப் பக்கத்தில் கோப்பி நாற்பத்திரண்டு குரோனர், கறுவாப் பணிஸ் முப்பத்தைந்து. எங்கள் கணக்கில் கோப்பி ஆறு டொலருக்குக் கொஞ்சம் குறைவு. கோப்பி வாங்கியவர் கதிரைக்குத் திரும்பும்போது இடது பக்க மேசையின் மூலையில் இடித்து அரைவாசியைச் சிந்தினார். பயணக் களைப்பு என்றேன். அவரும் ஓம் என்றார்.

அவர் நித்திரையானதும் நான் கீழே போய்க் கடையில் ஐந்து தேசிக்காய் வாங்கினேன், ஒன்று ஆறு குரோனர். நாலு, சில்லுகளுக்குக் கீழே வைக்க. புது வாகனம் தேசிக்காயை நசித்துக்கொண்டு புறப்படாவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது. ஐந்தாவது, வாகனத்துக்குள் வைக்க. இவருக்கு இதிலொன்றும் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்கு வருவார், ஆனால் வெளியே நின்று கார் நிறுத்த இடம் பிடித்துக் கொடுப்பதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும்.

புதன் காலை ஒன்பதரை. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதற்குச் சின்ன ரயில் போன்ற வண்டி ஒன்று. எங்களைப் பொறுப்பெடுத்த பெண்ணின் பெயர் லீனா, நாற்பது வயதிருக்கும். வெல்டிங் பகுதியில் மனிதரே இல்லை. இயந்திரக் கைகள் மட்டும் குனிந்து நிமிர்ந்து பொறி பறக்க வேலை செய்தன. வண்ணமடித்த வெற்று உடம்புகள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போயின. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இவர் எதையும் பார்க்கவில்லை. கதவு எப்போது வரும் என்றே இருந்தார்.

வந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. இவர் எழும்பிவிட்டார். லீனா பயந்து என்னவென்று கேட்க, நான்தான் இருபத்தேழு வருடக் கதையை ஒரு நிமிடத்தில் சொன்னேன். சுற்று முடிந்தபின் அவள் யாரிடமோ தொலைபேசியில் கதைத்து, மஞ்சள் அங்கியும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டி எங்களைக் கால்நடையாகத் திருப்பிக் கூட்டிப் போனாள்.

கதவு வைக்கும் இடத்தில் வளர்ந்த ஒரு பெண் நின்றாள். றப்பர் வளையத்தை எடுத்து, கீழ் மூலையில் முதல் அழுத்து அழுத்தி, கையளவு உருளை ஒன்றால் ஓரமாக உருட்டிக்கொண்டே மேலே போனாள். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. இவரைக் கண்டதும் அந்தக் கதவிலேயே ஒரு சாண் நீளத்தை அழுத்தச் சொல்லிக் கைகாட்டி விட்டுக்கொடுத்தாள். இவர் விரலால் மூலையைத் தடவினார். அந்த மூலை ஒட்டுத்தான் பட்டறையில் அவருடைய வேலை.

“இது எங்கை போகுதெண்டு எனக்குத் தெரியும். எப்பிடிப் போகுதெண்டு இண்டைக்குத்தான் கண்டன்” என்றார் என்னிடம். அந்த ஒரு நிமிடத்துக்காகவே காரின் விலை முழுவதையும் கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது.

திரும்பி நடக்கும்போது சாமான் ஏற்றிய ஆளில்லா வண்டி ஒன்று இடப் பக்கமாக விளக்கு மினுக்கிக்கொண்டு வந்தது. இவர் நேரே அதன் முன்னால் காலை வைத்தார். வண்டி தானாக நின்று கூக் என்றது. “கவலைப்படாதீர்கள், அது எல்லோரையும் காணும்” என்று லீனா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

பதினொன்றரைக்குக் கையளிப்பு மண்டபம். வெள்ளை நிலம், ஆசுப்பத்திரி மாதிரித் துப்புரவு. நடுவில் எங்கள் கார், கருநீலம், முன்னால் ஒரு பலகையில் இவருடைய பெயர், ஒரு எழுத்தும் பிழையில்லாமல். கோயிலில் ஒரு சுற்றுக்கே கால் நோகிறது என்கிறவர் காரை மூன்று தரம் சுற்றி வந்தார். ஓடிய தூரம் பதினொரு கிலோமீற்றர் என்று காட்டியது. லீனா திறப்பைக் கொடுத்தாள். நான் கைப்பையைத் திறந்தேன்.

“என்ன அது?” என்றார் இவர்.

“தேசிக்காய்.”

“இஞ்சேரும், இந்த வெள்ளை நிலத்திலையோ? மானத்தை வாங்காதையும். தேசிக்காயிலை ஓடுற கார் இல்லை உது.”

லீனா என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மண்டபத்துக்குள் முடியாது, வெளியே வாசலில் தாராளமாக வைக்கலாம், தானும் பார்க்க வேண்டும் என்றாள். இவர் தலையை ஆட்டிவிட்டுக் கையொப்பம் போட மேசைக்குப் போய்விட்டார். அவர் ஓடினால்தானே சில்லு ஏறும்? எனக்குக் கோபம் வந்தது. நாலு தேசிக்காயையும் பைக்குள் போட்டேன். ஐந்தாவதை எடுத்து, சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, முன்கண்ணாடியும் அதன் கீழுள்ள தட்டும் சந்திக்கிற இடது மூலையில் இறுக்கி வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. பட்டப்பகலில், பச்சைப் பசேலென்று, ஸ்ரியரிங்குக்கு ஒரு சாண் இடப்பக்கம். ஐந்து நிமிடத்தில் கண்டு சத்தம் போடுவார் என்று நினைத்து, அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் ஏறினார். இருக்கைப் பட்டியைப் போட்டார். கண்ணாடிகளைச் சரிபார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முழுவதும் சொல்லவில்லை. கல்யாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக என்னுடைய ஒரு விருப்பத்தை மனுசன் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். வெளியில் வீறாப்பு, உள்ளே இளக்கம். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். தேசிக்காயைப் பார்க்கும்போதெல்லாம் அவரையும் பார்த்துக்கொண்டேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஒஸ்லோவுக்குப் புறப்பட்டோம். இவருடைய தங்கை வசந்தி அங்கே இருக்கிறாள். தூரம் இருநூற்றித் தொண்ணூறு கிலோமீற்றர். பாதை கடலை ஒட்டி வடக்கே போகிறது. பாறையைக் குடைந்து குடைந்து போட்டிருக்கிறார்கள். ஆரும் வெட்டி ஓடுவதில்லை, ஆரும் கோர்ன் அடிப்பதில்லை. ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் இப்படிப் பத்து நிமிடம் போனால் ஏதோ நடந்துவிட்டது என்று வானொலியைப் போட்டுவிடுவோம்.

இவர் நன்றாக ஓடினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தூரத்துப் பலகைகளை எனக்கு முன்னமே வாசித்தார். “அந்தா மூஸ் மான் படம் போட்ட பலகை. ஒஸ்லோ நூற்றியெண்பது.” நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், மஞ்சளாக ஒரு புள்ளிதான் தெரிந்தது. இந்தக் கண்ணுக்கு என்ன சோதனை வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன். நூற்றியெண்பதாவது கிலோமீற்றரளவில் ஸ்வினசுண்ட் பாலம். ஒரு கரை சுவீடன், மறு கரை நோர்வே. ஆரும் மறிக்கவில்லை. எல்லை கடந்தது தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது.

வசந்தி மச்சாள் வாசலிலேயே நின்றாள். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் கேட்ட கேள்வி, “மச்சாள், தேசிக்காய் வைச்சனீங்களோ?”

“உள்ளுக்கு ஒண்டு வைச்சிருக்கிறன். உங்கட அண்ணை பேசாமல் இருக்கிறார்.”

“அண்ணையோ? பேசாமலோ?” என்று அவள் நம்பாமல் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். மிச்ச நாலு தேசிக்காயும் அன்றிரவு சொதிக்குள் போயின.

இரண்டு நாள் ஒஸ்லோ. துறைமுகத்துக்குப் போனோம், மலையில் ஏறிப் பனிச்சறுக்குக் கோபுரத்தைப் பார்த்தோம், வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டோம். மின்சாரக் கார்கள்தான் எங்கும். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கின்றன. வெறும் காரைத் திருப்பிக் கொண்டு போகிறோம் என்று வசந்திக்குப் பொறுக்கவில்லை. மிளகாய்த்தூள் மூன்று கிலோ, தன் மகளின் சின்னதாகிப்போன குளிர்ச் சட்டைகள், ஒரு இட்டலிச் சட்டி எல்லாம் கட்டி வைத்திருந்தாள்.

“கப்பலிலை சும்மாதானே வருது மச்சாள், பின்னுக்கு எவ்வளவு இடம் கிடக்கு.”

கம்பனிக்காரர் விட மாட்டார்கள் என்று இவர் பத்துத் தரம் சொன்ன பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவிழ்த்தாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு சந்தியில் இடது பக்கமாகச் சைக்கிளில் ஒரு பெண் வந்தாள், பின்னால் பிள்ளைக் கதிரையில் ஒரு குழந்தை. நான் தூரத்திலேயே கண்டுவிட்டேன். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. “சைக்கிள்” என்று கத்தினேன். கார் தலையைக் குத்திக்கொண்டு நின்றது. அவள் எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

“திடீரெண்டு வந்தவள்” என்றார் இவர்.

அவள் திடீரென்று வரவில்லை. தேசிக்காய் மூலையில் இருந்தது.

ஞாயிறு அதே பாதையால் திரும்பினோம். திங்கள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் காரை ஒப்படைக்கப் போனோம். பரிசோதிக்க வந்தவர் நரைத்த தலை மனிதர், கையில் ஒரு படிவம். தூரமானி அறுநூற்றி முப்பத்து நாலு. சில்லுகளைக் குனிந்து பார்த்தார். பின்பெட்டியைத் திறந்தார். பிறகு சாரதிக் கதவைத் திறந்தார். கதவு முழுதாகத் திறக்கவில்லை, அதற்குள் கையை நீட்டித் தேசிக்காயை எடுத்தார். அதற்குள் அது மஞ்சளித்து, ஒரு பக்கம் கபிலமாகி, அடியில் கசிந்திருந்தது.

“இது உங்களுடையதா?”

“இல்லை” என்றார் இவர் உடனே. “எங்களுடையது இல்லை. நான் ஐந்து நாள் ஓடினேன். இதில் இப்படி ஒன்றும் இருக்கவில்லை.” என் பக்கம் திரும்பித் தமிழில், “உது எங்கையிருந்து வந்தது?” என்றார்.

அவர் முகத்தில் நடிப்பில்லை. நான் அவரோடு முப்பத்தைந்து வருடம் இருந்தவள். அவர் பொய் சொன்னால் காது சிவக்கும். காது சிவக்கவில்லை.

மேசை மூலை, ஆளில்லா வண்டி, சைக்கிள்காரி, எல்லாம் இடது பக்கம். அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு பச்சைத் தேசிக்காய்க்குப் பக்கத்தில் இருந்து ஓடிய மனுசன் அதைக் காணவேயில்லை. நான் அதை அன்பென்று நினைத்து ஐந்து நாள் குளிர்ந்துபோய் இருந்திருக்கிறேன்.

“என்னுடையது” என்றேன் அந்த மனிதரிடம். அவர் கோபிக்கவில்லை. படிவத்தில் ஒரு கோடு கீறினார். பழச்சாறு கசிந்திருப்பதால் உள்ளே கழுவி மறுபடியும் பரிசோதிக்க வேண்டும், இந்தக் கப்பலுக்குப் பிந்திவிடும், பத்து நாளில் அடுத்தது என்றார். துவாரகா சொன்ன நோ ஃபூட், நோ பிளான்ற்ஸ் என் காதில் கேட்டது. இவர் வழியெல்லாம் என்னைத் திட்டினார், என் தேசிக்காயால் பத்து நாள் போனது என்று. அவர் எப்போது வைத்தீர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதன்கிழமை என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

விமானத்தில் வேண்டுமென்றே அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். பிஸ்கற் ஒன்றை எடுத்து, அவர் முன்னாலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடது காதுப் பக்கமிருந்து மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. மூக்குக்கு நேரே வந்தபோதுதான் “ஓ, பிஸ்கற்றோ” என்று வாங்கிக் கடித்தார். நான் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். வெளியே கிறீன்லாந்துப் பனி தெரிந்தது என்று எழுத ஆசைதான், நான் ஒன்றும் பார்க்கவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்து மூன்றாம் நாள் அவரைக் கேட்காமல் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துத் திகதி வாங்கினேன். டொக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் “எல்லாம் நல்லம், ஐந்து நாள் ஐரோப்பாவிலை ஓடினன்” என்றார். நான் குறுக்கே விழுந்து தேசிக்காய்க் கதையை ஆங்கிலத்தில் முழுதாகச் சொன்னேன், சைக்கிளையும் சேர்த்து. அன்றைக்கே சோதனை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டுத் தெரியும் போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருந்து கேட்டேன். பொத்தான் சத்தம் நீண்ட நேரம் கேட்கவே இல்லை.

இடது பக்கம் பெரும்பாலும் போய்விட்டது, வலது பக்கமும் தேயத் தொடங்கிவிட்டது, நேர்ப் பார்வை மட்டும் கூர்மையாக இருக்கிறது. இதைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும் என்றார் டொக்டர்.

லிஃப்ற்றுக்குள் இவர் கேட்டார். “ஏன் சொன்னனீர்?”

“அந்தச் சைக்கிள்காரிக்கும் ஒரு வீடு இருக்கு.”

பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கவில்லை என்றால் கப்பலைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. கப்பலின் பெயரைப் போட்டால் அது எங்கே நிற்கிறது என்று தொலைபேசி காட்டும். காலைத் தேத்தண்ணியை வாங்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், “ஜேர்மனியிலை நிக்குது” என்பார். இரண்டு நாள் கழித்து, “சவுத்ஹாம்ரன் தாண்டியிட்டுது.” கடல் நடுவில் ஐந்து நாள் புள்ளி அசையாத மாதிரி நின்றபோது எங்கள் வீட்டிலும் சத்தமே இல்லை. தபாலில் லைசன்ஸ் ரத்துக் கடிதம் வந்தது. அவர் வாசித்து, மடித்து, காரின் பத்திரங்களோடு சேர்த்து வைத்தார்.

அந்த நாட்களில் நான் ஒரு வேலை செய்தேன். என்னிடம் இருபத்திரண்டு வருடமாக லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் உள்வீதியாலேயே போய் வருகிறவள். 401 என்றால் பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு, பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய காரில் கெனடியில் 401இல் ஏறி அடுத்த வீதியான வோர்டனில் இறங்கினேன். அடுத்த கிழமை விக்ரோரியா பார்க். அதற்கடுத்த கிழமை யங் வீதி. நாலு கிழமையில் வீட்டில் பால் வைக்க இடமில்லாமல் போனது.

நவம்பர் நடுப்பகுதியில் துவாரகா அழைத்தாள். கார் ரயிலில் வந்து இறங்கிவிட்டது, நாளைக்கு எடுக்கலாம். “அங்கிள் எக்சைற்றட்டா அன்ரி?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பழைய காரை அதற்கு முதல் கிழமைதான் விற்றிருந்தோம். ஆகவே பிறம்ரனுக்கு மூன்று பஸ் மாறிப் போனோம், இரண்டே கால் மணித்தியாலம். சுவீடன் இவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. கடை முற்றத்தில் எங்கள் கார் நின்றது, குளிர்கால ரயர் போட்டு, ரயில் தூசி கழுவி. இவர் நேரே தூரமானியைப் போய்ப் பார்த்தார். அறுநூற்றி நாற்பத்தொன்று.

“ஏழு கிலோமீற்றர் ஆரோ ஓடியிருக்கிறாங்கள்” என்றார். கப்பலில் ஏற்றியவன், இறக்கியவன், ரயிலில் ஏற்றியவன், இறக்கியவன். நாலு பேருக்கும் கொடுத்துவைத்திருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

துவாரகா திறப்பை அவரிடம்தான் நீட்டினாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாங்கி, சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என்னிடம் தந்தார். பிறகு குளிர்ச்சட்டைப் பையிலிருந்து தேசிக்காய்களை எடுத்தார். ஒன்று, இரண்டு என்று நாலு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குனிந்து, ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒன்று வைத்தார்.

“உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே” என்றேன்.

“முந்தி ஓடினது நான். இப்ப ஓடப்போறது நீர். காருக்கு ஒரு பாதுகாப்பு வேணும்.”

ஆறு கிழமைக்குப் பிறகு அவர் என்னைப் பகிடி பண்ணினார். துவாரகா சிரித்துப் படமெடுத்தாள். அதை லீனாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார் இவர். நான் ஏறிப் பட்டியைப் போட்டேன். அவர் வலது பக்கம் ஏறவில்லை. என் பக்கக் கதவடியில் நின்று, பையிலிருந்து ஐந்தாவது தேசிக்காயை எடுத்து, கையை உள்ளே விட்டு, முன்கண்ணாடியின் இடது மூலையில், அதே இடத்தில் இறுக்கினார்.

“உமக்கு அது தெரியுதோ?”

“தெரியுது.”

“வடிவாத் தெரியுதோ?”

“ஓமப்பா, தெரியுது.”

“அப்ப எடும்.”

கதவைச் சாத்தினார். றப்பர் மெத்தென்று பதிந்தது. சுற்றி வந்து எனக்குப் பக்கத்தில் ஏறினார். நாலு தேசிக்காயும் சில்லுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன.

பிறம்ரனிலிருந்து டோர்செட் பார்க் நாற்பது கிலோமீற்றரளவு. 410 நெடுஞ்சாலையால் வந்து 401இல் ஏறினேன். வலப் பக்கம் பதினெட்டுச் சில்லு லொறி, இடப் பக்கம் இன்னொன்று. ஒஸ்லோப் பாதையைப் பற்றி எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதலாம், இந்த நாற்பது கிலோமீற்றரில் நான் பார்த்ததெல்லாம் முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான். இவருடைய வலது கால், தன் பக்கத்தில் இல்லாத பிறேக்கை இரண்டு தரம் மிதித்தது. பிறகு காலை மடித்துக்கொண்டார்.

“இஞ்சேரும், பயப்பிடாதையும். முன்னுக்கு நான் பாக்கிறன். பக்கத்தை நீர் பாரும்.”

அப்படியே வந்தோம். விமான நிலையம், அலன் வீதி, யங் வீதி, ஒவ்வொன்றையும் பலகை வருவதற்கு முன்னமே சொன்னார். நான் கண்ணாடிகளைப் பார்த்தேன், தோளுக்கு மேலால் பார்த்தேன், தேசிக்காயைத் தாண்டி இடப் பக்கத்தைப் பார்த்தேன். விரைவுத் தடத்திலிருந்து வெளித் தடத்துக்கு மாறும் இடத்தை விட்டால் கெனடியில் இறங்க முடியாது.

“மாறுற இடம் வருது. வலது பக்கம் ஆரும் வருகினமோ?”

“இல்லை.”

“அப்ப போம்.”

போனேன். பிறகு அவர் முன்னால் சாய்ந்து, கண்ணைக்கூடச் சுருக்காமல் வாசித்தார்.

“கெனடி வீதி. ரெண்டு கிலோமீற்றர்.”

நான் பார்த்தேன். எனக்கு அங்கே பச்சையாக ஒரு புள்ளிதான் தெரிந்தது. அவர் சொன்னதை நம்பி வலது சிக்னல் விளக்கைப் போட்டேன்.